மோட்டார் ஓடுது, தண்ணீர் வரலை: கழற்றுவதற்கு முன் சக்ஷன் பக்கம் பாருங்கள்

சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடுகிறது, சத்தமும் வழக்கம்போலத்தான் இருக்கிறது, ஆனால் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் விழவில்லை. உடனே மோட்டாரைக் கழற்றி ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே ஒரு பக்கெட் தண்ணீரில் பைப்பை விட்டு ஓட்டிப் பார்த்தால் பீய்ச்சி அடிக்கும். திரும்பக் கொண்டுவந்து மாட்டினால் மறுபடியும் அதே பாடு. ஆழம் குறைந்த கிணற்றுக்கு மேலே வைத்து ஓட்டுகிற பம்புகளில் பெரும்பாலான கோளாறு மோட்டாரிலோ, பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரிலோ இருக்காது, கிணற்றுத் தண்ணீருக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒற்றைப் பைப்பில்தான், அதாவது சக்ஷன் பைப்பில்தான் இருக்கும். அதை முதலில் பாருங்கள், தண்ணீர் மட்டத்தில் ஆரம்பித்து மேலே ஏறி வாருங்கள், மோட்டாருக்குக் கடைசியில் வரலாம். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது இந்த வரிசையைத்தான்.

முதலில் பம்பு என்ன செய்கிறது என்று ஒருமுறை தெளிவாகப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறுகளை உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். பம்புக்குள் இம்பெல்லர் சுழலும்போது அதன் நடுவில் இருக்கிற தண்ணீர் விளிம்புக்கு வீசப்படுகிறது, நடுவில் அழுத்தம் குறைகிறது. அவ்வளவுதான் பம்பின் வேலை. கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது வெளிக்காற்று. கிணற்றுத் தண்ணீரின் மேல்பரப்பைக் காற்று எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது, பைப்புக்குள் அழுத்தம் குறைந்தவுடன் அந்தப் பக்கமாகத் தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. டோரிசெல்லி 1644-இல் இதைப் பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயை வைத்து விளக்கினார். காற்றின் அழுத்தம் பாதரசத்தைச் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தாங்கும், தண்ணீராக இருந்தால் சுமார் 10.3 மீட்டர். உள்ளே முழு வெற்றிடமே இருந்தாலும், கடல்மட்டத்தில் அதற்குமேல் ஒரு அங்குலம்கூட ஏறாது. எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போட்டாலும் இதே கணக்குதான்.

10.3 மீட்டர் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் பைப்பின் உராய்வு, எல்போ எனும் வளைவுகள், பைப்பின் அடியில் மாட்டுகிற ஃபுட் வால்வு, பம்பின் வாசலில் தண்ணீர் கொதித்துவிடாமல் இருக்க வேண்டிய அழுத்தம் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 7 முதல் 7.5 மீட்டர், அதாவது ஏறக்குறைய 25 அடி. மலைப்பகுதியில் இன்னும் குறையும், 1000 மீட்டர் உயரத்துக்கு ஒரு மீட்டருக்கும் சற்று அதிகமாகவே போய்விடும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் குறையும், 30 டிகிரி தண்ணீரில் ஆவியழுத்தம் மட்டும் சுமார் 40 சென்டிமீட்டரைத் தின்றுவிடும்.

இந்த 25 அடியை எங்கிருந்து எங்கே அளப்பது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். கிணற்றின் ஆழம் இங்கே பேச்சே இல்லை. கிணறு 60 அடி இருக்கலாம், தண்ணீர் 15 அடியில் நின்றால் இந்தப் பம்பு தாராளமாக எடுக்கும். பம்பின் நடுத்தண்டிலிருந்து தண்ணீர் மட்டம் வரை செங்குத்தாக அளக்க வேண்டும், அதுவும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ள மட்டத்தை. நின்ற தண்ணீர் 18 அடியில் இருக்கும், பம்பு ஓட ஓட 26 அடிக்கு இறங்கிவிடும், ஊற்று மெதுவாகத்தான் ஊறும். காலையில் அளந்துவிட்டு “தண்ணீர்தான் மேலேயே இருக்கே” என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். கயிற்றில் ஒரு கனமான நட்டைக் கட்டி விட்டு, ஓட்டுவதற்கு முன் ஒருமுறை, தண்ணீர் நின்றுபோகிற நேரத்தில் ஒருமுறை அளந்துவிடுங்கள். இந்த இரண்டு எண்ணும் கையில் இல்லாமல் மேற்கொண்டு எதைச் செய்தாலும் இருட்டில் துழாவுகிற வேலைதான்.

அடுத்தது பிரைமிங், அதாவது ஓட்டுவதற்கு முன் பம்பைத் தண்ணீரால் நிரப்புவது. காற்று தண்ணீரைவிட ஏறக்குறைய 800 மடங்கு லேசு. இம்பெல்லர் தண்ணீரை வீசும்போது நடுவில் நல்ல வெற்றிடம் கிடைக்கும், காற்றை வீசினால் ஏதோ மின்விசிறி அளவுக்குத்தான் கிடைக்கும், அதை வைத்துத் தண்ணீரை ஒரு சாண்கூட ஏற்ற முடியாது. அதனால்தான் மோட்டாரும் பம்பும் ஒரே உடம்பாக வருகிற சாதாரண மோனோபிளாக் பம்பில் ஓட்டுவதற்கு முன்பே கேசிங்கும் (இம்பெல்லரை மூடியிருக்கிற கூடு) சக்ஷன் பைப்பும் முழுக்கத் தண்ணீராக இருக்க வேண்டும். பைப்பின் அடியில் ஃபுட் வால்வு போடுவதே நிறுத்தின பிறகு அந்தத் தண்ணீர் கிணற்றுக்குத் திரும்ப இறங்காமல் பிடித்து வைக்கத்தான்.

செல்ஃப் பிரைமிங் பம்பு என்று விற்பதில் வித்தியாசம் என்னவென்றால், கேசிங்கில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கும்படி அமைத்திருப்பார்கள். ஓடும்போது அந்தத் தண்ணீர் பைப்பில் உள்ள காற்றோடு கலந்து, மேலே வந்து காற்றை விட்டுவிட்டு, மறுபடி கீழே வந்து இன்னும் கொஞ்சம் காற்றை அள்ளும், இப்படியே பைப்பில் உள்ள காற்று தீரும் வரை நடக்கும். எனவே செல்ஃப் பிரைமிங் என்றால் ஒருபோதும் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று அர்த்தமில்லை, முதல் தடவை கேசிங்கை நிரப்பியே ஆக வேண்டும். இவற்றுக்கும் ஃபுட் வால்வு போட்டுவிடுவது நல்லது, ஒவ்வொரு தடவையும் சில நிமிடம் காய்ந்து ஓடுகிற தொல்லை இருக்காது.

வீடுகளில் அதிகம் பார்க்கிற சின்ன அரைக் குதிரைத்திறன் பம்புகளில், விளிம்பு முழுக்கப் பொடிப் பற்கள் வெட்டிய இம்பெல்லர் இருக்கும். கேசிங்குக்கும் அதற்கும் இடைவெளி மிகக் குறைவு. சின்ன மோட்டாரிலேயே நல்ல அழுத்தம் தரும், ஆனால் மணல் அதற்கு எமன். கொஞ்ச நாள் ஓட்டாமல் விட்டால் துருப்பிடித்து இறுகிக்கொள்வதும் இந்த வகைதான்.

ஜெட் பம்பு இன்னொரு வகை. பம்பு வெளியேற்றும் தண்ணீரில் ஒரு பகுதி குறுகிய நாசில் வழியாக வேகமாகத் திருப்பி அனுப்பப்படும், அந்த வேகம் பக்கத்தில் அழுத்தத்தைக் குறைத்துக் கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்து இழுத்து வரும். ஆழம் குறைந்த கிணற்றுக்கானதில் இந்த நாசில் பம்பின் உடம்பிலேயே இருக்கும், கிணற்றுக்கு ஒரே பைப்பு போகும். இரண்டு பைப்பு கீழே போகிறதென்றால் நாசில் கிணற்றுக்குள் இருக்கிறது, அது 25 அடிக்குக் கீழேயும் எடுக்கும், ஏனென்றால் அங்கே தண்ணீரை அடியிலிருந்து அழுத்தித் தள்ளுகிறோம். ஜெட் பம்பில் தண்ணீர் திடீரென்று குறைந்தால் நாசிலில் மணலோ துருத்துணுக்கோ அடைத்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், ஓட்டை அவ்வளவு சின்னது.

சரி, கோளாறுக்கு வருவோம். அதற்கு முன் ஒரு விஷயம், தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பம்பில் கை வைப்பதற்கு முன் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மெயினை இறக்கி டெஸ்டர் வைத்துப் பாருங்கள். ஈரத் தரை, இரும்பு கேசிங், பழைய ஒயர் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிறது. மோட்டாருக்கு எர்த் சரியாக இருக்க வேண்டும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கிற பிரேக்கர் அந்த லைனில் இருக்க வேண்டும். அதேபோல ஃபுட் வால்வைப் பார்க்கிறேன் என்று தனியாகக் கிணற்றுக்குள் இறங்காதீர்கள். மூடி வைத்த கிணறு, நாளாகப் புழங்காத கிணறு, உறைகிணறு எல்லாவற்றிலும் அடியில் ஆக்சிஜன் இல்லாமல் போயிருக்கலாம், கார்பன் டை ஆக்சைடு தேங்கி நிற்கலாம், மூக்குக்கு எதுவும் தெரியாது. மயங்கி விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் இறங்கி அவரும் போகிற சாவுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பைப்பை மேலே தூக்கி வால்வைப் பாருங்கள், அதற்காகத்தான் பைப்பைச் சுலபமாகக் கழற்றி மாட்டும்படி யூனியன் என்கிற இணைப்பைப் போடுவது. டீசல், பெட்ரோல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது.

மோட்டார் ஓடுது, தண்ணீர் வரவே இல்லை

பிரைமிங் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் விளிம்பு வரை நின்றால் ஒரு கதை, காலியாக இருந்தால் வேறு கதை.

காலியாக இருந்தால் ஊற்றுங்கள். ஊற்ற ஊற்ற நிரம்பவே இல்லை என்றால் ஃபுட் வால்வு போய்விட்டது அல்லது பைப்பு பெரிதாக விட்டிருக்கிறது, யோசிக்கவே வேண்டாம். நிரம்பி, பிறகு மெல்ல இறங்குகிறது என்றால் இன்னும் கொஞ்சம் தோண்டலாம். விளிம்பு வரை நிரப்பி, மூடியைத் திறந்தபடியே அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் அளவுக் குவளையால் மறுபடி நிரப்பி, எவ்வளவு பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் 25 மில்லிமீட்டர் பைப்பில் ஒரு மீட்டருக்கு அரை லிட்டர், 32 மில்லிமீட்டரில் 0.8 லிட்டர், 40 மில்லிமீட்டரில் ஒன்றேகால் லிட்டர். இன்னும் ஒரு மணி நேரம் விட்டு அளந்தாலும் இறக்கம் அதே அளவில் நின்றுவிட்டால், பைப்பில் அந்த உயரத்தில்தான் எங்கோ ஓட்டை இருக்கிறது, கசிந்து கசிந்து ஓட்டையின் மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிடும். நிற்காமல் கிணற்று மட்டம் வரை போய்க்கொண்டே இருந்தால் ஃபுட் வால்வு. கிடைமட்டமாகப் போகிற நீளத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், கேசிங்கில் இருக்கிற தண்ணீரும் சேரும், அதனால் இது தோராயக் கணக்குதான், ஆனால் எந்தப் பக்கம் தேடுவது என்பதைச் சொல்லிவிடும்.

ஃபுட் வால்வைத் தூக்கிப் பார்த்தால் பெரும்பாலும் பெரிய காரணம் ஒன்றும் இருக்காது. உள்ளே மடல் உட்காருகிற வட்டத்தில் ஒரு மணல் துகள், ஒரு நூல் வேர், காய்ந்த பாசி, இவ்வளவுதான். மடலின் ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள், பழசான ரப்பரில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும், தூக்கி வைத்தால் அந்தப் பள்ளம் வேறு இடத்தில் உட்கார்ந்து கசியும். கழுவிப் போட்டாலும் அது நாளைக்கு மறுபடி தொல்லை தரும், புதிதாகப் போட்டுவிடுங்கள். மாட்டுவதற்கு முன் வால்வைத் தலைகீழாகப் பிடிக்காமல் நேராக நிறுத்தி உள்ளே தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் பாருங்கள். புது வால்வே சில சமயம் கசியும்.

பிரைமிங் செய்யும்போது இன்னொன்று. டெலிவரி பக்கத்தில், அதாவது தண்ணீர் வெளியேறுகிற பக்கத்தில், பம்பை ஒட்டித் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கிற நான்-ரிட்டர்ன் வால்வு இருந்து, அதற்கு மேல் பைப்பு நிறையத் தண்ணீர் நின்றால், கேசிங்கில் உள்ள காற்று வெளியேற வழி இருக்காது. பம்பு காற்றைத் தள்ளுகிற வலுவால் அந்தத் தண்ணீர்த் தூணைத் தூக்க முடியாது. டெலிவரியில் பம்புக்கும் அந்த வால்வுக்கும் நடுவில் ஒரு சின்னக் குழாய் வைத்து, தண்ணீர் கெட்டியாக வரும் வரை திறந்து விட வேண்டும்.

இப்போது பிரைமிங் மூடி வரை தண்ணீர் அப்படியே நிற்கிறது, ஆனாலும் ஓட்டினால் வரவில்லை என்கிற நிலைமை. கசிவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நிறுத்தியிருக்கும்போது உள்ளிருந்து வெளியே சொட்டாத இடம், ஓடும்போது வெளியிலிருந்து உள்ளே காற்றை உறிஞ்சும். ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலில் இளநீர் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும், எவ்வளவு இழுத்தாலும் வாய்க்குக் காற்றுதான் வரும். காற்று நுழைகிற இடங்கள் ஒன்றும் ரகசியமில்லை: யூனியனின் ரப்பர், பம்பில் திருகியிருக்கிற நிப்பிள் எனும் குட்டைப் பைப்புத் துண்டின் மரை, பிரைமிங் மூடி, அடியில் இருக்கிற டிரெயின் போல்ட், தண்டு வெளியே வருகிற இடத்தில் உள்ள கிளாண்ட் அல்லது மெக்கானிக்கல் சீல். இந்த வரிசையிலேயே பாருங்கள்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், செலவே இல்லை. பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது சோப்பைக் கெட்டியாக நுரைத்து ஒவ்வொரு இணைப்பிலும் அப்புங்கள். அழுத்தம் உள்ள பைப்பில் நுரை பொங்கும், இங்கே நேர்மாறாக, கசிகிற இடத்தில் நுரை உள்ளே இழுக்கப்பட்டுக் குழி விழும். நன்றாக நனைத்த துணியை இணைப்பின்மேல் இறுக்கிச் சுற்றினாலும் தெரிந்துவிடும், சரியான இடத்தில் சுற்றிய சில நொடிகளில் பம்பின் சத்தம் மாறி, வரத்து கூடும். இணைப்பு பம்புக்குப் பக்கத்தில் இருப்பதால் கை, துணி எதுவும் மின்விசிறி பக்கமோ டெர்மினல் பெட்டி பக்கமோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெலிவரித் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்ப்பதும் உதவும். பால்போலக் கலங்கி, அடியிலிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வந்தால் அது அழுக்கில்லை, பொடிக் காற்றுக்குமிழி.

பிவிசி நிப்பிள் போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிணற்றிலிருந்து தண்ணீர் வராமல் பம்பு கொஞ்ச நேரம் ஓடினால் கேசிங்குக்குள் இருக்கிற தண்ணீர் சூடேறிக் கொதிக்கிற அளவுக்குப் போகும், பம்பில் திருகியிருக்கிற பிளாஸ்டிக் மரை இளகி உருமாறிவிடும். ஆறினபின் பார்த்தால் வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் அந்த மரையில் இனி எத்தனை டெஃப்லான் டேப் சுற்றினாலும் காற்று போகும். ஒருமுறை காய்ந்து ஓடி நின்ற பிறகு “ஃபுட் வால்வு புதுசு, எல்லாம் புதுசு, இருந்தும் எடுக்கலை” என்று புகார் வந்தால் எனக்கு முதலில் இந்த நிப்பிள்மேல்தான் சந்தேகம் வரும். பம்பில் திருகுகிற முதல் துண்டை மட்டுமாவது இரும்பிலோ பித்தளையிலோ போடுங்கள்.

மரையில் டேப் சுற்றும்போது மரை உங்களைப் பார்த்து இருக்கட்டும், கடிகார முள் திசையில் சுற்றுங்கள், எதிராகச் சுற்றினால் திருகும்போது உரிந்து சுருண்டுவிடும், அந்தச் சுருள் பம்புக்குள்ளும் போகும்.

கசிவும் இல்லை, பிரைமிங்கும் நிற்கிறது என்றால் பைப்பு போகிற வழியைப் பாருங்கள். கிணற்றிலிருந்து பம்பு வரை பைப்பு சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் எங்காவது மேடு கட்டி, பிறகு இறங்கிப் பம்புக்குப் போனால் அந்த மேட்டில் காற்று தங்கும், எத்தனை முறை பிரைம் செய்தாலும் அது அங்கேயே இருக்கும். சுவரைத் தாண்டுவதற்கும் நடைபாதைக்கு மேலே எடுப்பதற்கும் ஒரு வளைவு போட்டு வைப்பார்கள், அழகாக இருக்கும், தண்ணீர் வராது.

பைப்பின் அளவும் முக்கியம். பம்பின் சக்ஷன் வாயைவிடச் சின்ன பைப்பு போடவே கூடாது, கிணறு தள்ளி இருந்தால் ஒரு அளவு பெரிதாகப் போடலாம். அப்படிப் போட்டால் பம்பு வாயில் பெரிய பைப்பைச் சின்ன வாயோடு இணைக்கிற ரெடியூசர் மேல்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதன் தோளில் காற்று நிற்கும். எல்போவைக் குறையுங்கள். சக்ஷன் பக்கம் கேட் வால்வு வைத்து வரத்தைக் குறைக்கிற பழக்கம் வேண்டாம், குறைக்க வேண்டுமென்றால் டெலிவரி பக்கம் செய்யுங்கள்.

அடிக்கடி பம்பு வேலை பார்க்கிறவராக இருந்தால் சக்ஷன் வாய்க்குப் பக்கத்தில் ஒரு வேக்கம் கேஜ் (உள்ளே எவ்வளவு வெற்றிடம் என்று காட்டுகிற மானி) வைக்க ஓட்டை போட்டு வைப்பது பெரிய உதவி. ஒரு மீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சுமார் 73.5 மில்லிமீட்டர் பாதரசம் காட்டும். தண்ணீர் மட்டம் 5 மீட்டரில் இருக்கும்போது 370 பக்கம் காட்டி, உராய்வுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நியாயம். முள் அதைவிட ரொம்ப மேலே போய் 600-ஐ நெருங்கினால் பைப்போ ஃபுட் வால்வின் சல்லடையோ அடைத்திருக்கிறது, அல்லது தண்ணீர் நீங்கள் நினைத்ததைவிடக் கீழே இருக்கிறது. முள் எழும்பவே இல்லையென்றால் காற்று நுழைகிறது, அல்லது பம்புக்குள் இம்பெல்லர் தேய்ந்துவிட்டது. முள் ஆடிக்கொண்டே இருந்தால் காற்று விட்டு விட்டு வருகிறது. ஒரு கேஜ் இவ்வளவையும் சொல்லிவிடும்போது ஊகத்தில் ஏன் பைப்பைப் பிரிக்க வேண்டும்?

நன்றாக வந்து, பத்து நிமிடத்தில் நின்றுபோகிறது

இதற்கு முதல் காரணம் கிணறுதான். ஊறுகிற வேகத்தைவிட எடுக்கிற வேகம் அதிகம். அரை மணி நேரம் விட்டுப் போட்டால் மறுபடி வரும். டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடி வரத்தைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள், நிற்காமல் ஓடினால் விடை கிடைத்துவிட்டது. பெரிய மோட்டார் மாற்றினால் இன்னும் சீக்கிரம் நிற்கும். ஆனால் இப்படி வால்வைக் குறைப்பது சாதாரண மோனோபிளாக்குக்குத்தான் பொருந்தும், பொடிப் பல் இம்பெல்லர் பம்பில் டெலிவரியை மூட மூட மோட்டார் இழுக்கிற கரண்டு கூடிக்கொண்டே போகும், முழுக்க மூடினால் மோட்டாரின் கம்பிச்சுருளான காயில் கருகியே போய்விடும்.

இரண்டாவது காரணம் ஃபுட் வால்வு தண்ணீரின் மேல்மட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பது. மட்டம் இறங்க இறங்கச் சுழி விழுந்து காற்று உள்ளே போகும். மிகக் குறைந்த மட்டத்திலும் வால்வுக்கு மேல் இரண்டு அடியாவது தண்ணீர் இருக்க வேண்டும், அடியில் சேறு இழுக்காதபடி ஒரு அடியாவது தரையிலிருந்து தூக்கி இருக்க வேண்டும்.

மட்டம் 25 அடியை ஒட்டி வரும்போது பம்புக்குள் கூழாங்கல் உருள்கிற மாதிரி கடகடவென்று சத்தம் வரும். தண்ணீர் குறைந்த அழுத்தத்தில் ஆவிக்குமிழியாகி, இம்பெல்லரில் மறுபடி உடைகிற சத்தம் அது. அப்படியே ஓட்டினால் இம்பெல்லர் அம்மைத் தழும்பு விழுந்ததுபோல அரித்துவிடும். அந்தச் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுங்கள்.

வரத்து மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது

மாதக்கணக்கில் குறைந்தால் தேய்மானம், அடைப்பு, ஓல்டேஜ் மூன்றில் ஒன்று. மணல் வருகிற கிணற்றில் இம்பெல்லரின் விளிம்பும் அதைச் சுற்றியுள்ள வளையமும் தேய்ந்து, வெளியே தள்ளிய தண்ணீர் உள்ளுக்குள்ளேயே திரும்பும். சாதாரண மோனோபிளாக்கில் டெலிவரியில் ஒரு அழுத்தமானி வைத்து, வால்வை முழுக்க மூடி சில நொடி மட்டும் பாருங்கள். ஏறக்குறைய 10 மீட்டருக்கு 1 பார். மட்டம் 5 மீட்டர் கீழே இருக்கும்போது மானி 2 பார் காட்டினால் பம்பு மொத்தம் 25 மீட்டர் ஹெட் தருகிறது, அதாவது அந்த உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கும். பெயர்ப்பலகையில் போட்டிருக்கிற அதிகபட்ச ஹெட்டோடு ஒப்பிடுங்கள், ரொம்பக் குறைவாக இருந்தால் அப்போது கேசிங்கைத் திறக்கலாம். அழுத்தம் சரியாக இருந்து வரத்து மட்டும் குறைந்தால் பைப்பில் உப்புப் படிந்து உள்விட்டம் சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று பேஸ் மோட்டாரில் லைன் வேலை ஏதாவது நடந்து முடிந்த அன்றைக்கே வரத்து குறைந்திருந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கேசிங்கில் போட்டிருக்கிற அம்புக்குறியைப் பார்த்து, மெயினை இறக்கிவிட்டு ஏதாவது இரண்டு பேஸை மாற்றிக் கொடுத்தால் முடிந்தது.

உர்ரென்று உறுமுகிறது, சுற்றவில்லை

உடனே அணையுங்கள், அப்படியே விட்டால் நிமிடக்கணக்கில் காயில் கருகும். மெயினை இறக்கியபின் பின்பக்க மின்விசிறியைக் கையால் சுற்றுங்கள். சில மோட்டாரில் தண்டின் பின்முனையில் ஸ்குரூ டிரைவர் வைத்துச் சுற்ற வெட்டு இருக்கும். சுற்றவே முடியவில்லை என்றால் இம்பெல்லர் துருப்பிடித்தோ கல் மாட்டியோ இறுகியிருக்கிறது. முன்னும் பின்னுமாக ஆட்டினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். சுலபமாகச் சுற்றுகிறது, இருந்தும் மின்சாரம் கொடுத்தால் உறுமல்தான் என்றால் கண்டென்சர். உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ பார்த்தாலே தெரியும். அணைத்த பிறகும் அதில் மின்சாரம் நிற்கும், வெறும் கையால் தொடாதீர்கள். அதில் எழுதியிருக்கிற மைக்ரோ ஃபாரட் எண்ணையே வாங்குங்கள், “கொஞ்சம் பெருசா போட்டா நல்லா இழுக்கும்” என்பதை நம்பாதீர்கள், பெரிதாகப் போட்டால் துணைக் காயில் சூடாகிப் போகும். ஓல்டேஜ் ரேட்டிங் பழையதற்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

ஓல்டேஜையும் பாருங்கள், சுவிட்சில் பார்க்காமல் மோட்டார் டெர்மினலில், மோட்டாருக்கு மின்சாரம் போகிற நேரத்தில். ஓல்டேஜ் 20 சதவீதம் குறைந்தால் மோட்டாரின் முறுக்குவிசை 36 சதவீதம் குறைந்துவிடும். கிணறு தூரத்தில் இருந்து ஒயர் மெலிதாக இருந்தால், வீட்டில் சரியாக இருக்கிற ஓல்டேஜ் அங்கே போய்ச் சேராது.

தண்டு பக்கம் தண்ணீர் சொட்டுகிறது

தண்டைச் சுற்றிக் கயிறு திணித்து அடைக்கிற கிளாண்ட் வகையில் சொட்டுச் சொட்டாக விழத்தான் வேண்டும், அந்தத் தண்ணீர்தான் கயிறு எரியாமல் குளிர்விக்கிறது. சொட்டுவதை நிறுத்துகிறேன் என்று இறுக்கினால் தண்டில் பள்ளம் விழும். மெக்கானிக்கல் சீல் வகையில் சொட்டவே கூடாது. சொட்ட ஆரம்பித்தால் அன்றைக்கே பாருங்கள், அந்தத் தண்ணீர் பேரிங்குக்குள் போய் அங்கிருந்து காயிலுக்குப் போகும், சின்ன சீலில் முடிகிற வேலை மோட்டார் வரை போய்விடும். புது சீலின் பளபளப்பான முகத்தில் விரல் படாமல் மாட்டுங்கள், மாட்டிய பின் தண்ணீர் நிரப்பாமல் ஒரு நொடிகூட ஓட்டிப் பார்க்காதீர்கள்.

குழாயைத் திறந்தால் தானாக ஓடுகிற பிரஷர் பம்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: சில நொடிக்கு ஒருமுறை ஓடி ஓடி நின்றால் பிரஷர் டேங்கில் காற்று போய்விட்டது. மின்சாரத்தை நிறுத்தி, குழாயைத் திறந்து தண்ணீர் அழுத்தத்தை முழுக்க இறக்கி, டேங்கின் வால்வில் சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். பம்பு ஓடத் தொடங்குகிற அழுத்தத்தைவிட 0.15 பார் குறைவாக இருந்தால் சரி. காற்று வால்வை அழுத்தினால் தண்ணீர் வருகிறதென்றால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது. யாரும் குழாயைத் திறக்காமலே பம்பு அவ்வப்போது ஓடினால் எங்கோ கசிவு, அல்லது ஃபுட் வால்வு மெல்ல விடுகிறது.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, கயிற்றில் கட்டிய நட்டு ஓடும் மட்டம் 28, 30 அடி என்று காட்டுகிறது என்றால் இந்தப் பம்பை இனி எதைச் செய்தும் பயனில்லை. கிணறு அகலமாக இருந்து, வெள்ளம் ஏறாத உயரத்தில் திட்டு கட்ட முடியுமானால் பம்பைக் கீழே இறக்கலாம், ஆனால் மழைக்காலத்தில் அது மூழ்காது என்று உறுதியாகத் தெரிய வேண்டும், ஒவ்வொரு பழுதுக்கும் அங்கே இறங்க வேண்டியிருக்கும் என்பதையும் யோசியுங்கள். அதைவிட இரண்டு பைப்பு ஜெட் பம்புக்கோ, தண்ணீருக்குள்ளேயே உட்காருகிற ஓபன்வெல் சப்மெர்சிபிளுக்கோ மாறிவிடுவதுதான் என் யோசனை. சப்மெர்சிபிள் வாங்கினால் அடியில் தண்ணீர் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைக் கடும் கோடையில் ஒருமுறை அளந்துவிட்டு வாங்குங்கள், மோட்டார் முழுக்க மூழ்கியிருந்தால்தான் அதற்குக் குளிர்ச்சி, கூடவே தண்ணீர் இறங்கினால் தானாக நிறுத்துகிற டிரை ரன் கருவியையும் சேர்த்தே மாட்டிவிடுங்கள்.